மிரளும் குதிரையைப் பழக்குவது: கயிறு தளரும் நொடிதான் பாடம்

காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் எல்கைப் பந்தயம் ஓடி ஓய்ந்த வண்டிக் குதிரை. கல்யாண ஊர்வலங்களில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு நடுக்கம் பிடித்த குதிரை. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கி, இரவெல்லாம் லாரியில் நின்றபடியே வந்து இறங்கிய இளங்குதிரை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் முதன்முதலாகக் குதிரை வளர்க்க ஆசைப்படுகிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். வந்த மறுநாளே சேணம் போட்டு ஏறப் பார்ப்பார்கள். குதிரை எகிறும், முன்காலைத் தூக்கும், கயிற்றை அறுத்துக்கொண்டு நாற்றங்காலில் இறங்கும். முரட்டுக் குதிரை என்று பெயர் வந்துவிடும். பெயர் வந்தபின் சாட்டையும் வரும்.

அந்தக் குதிரை முரடு இல்லை, பயந்திருக்கிறது. பயத்தை அடித்துப் போக்க முடியாது. அடித்தால் பயத்தோடு உங்களையும் சேர்த்துப் பயப்படும். அவ்வளவுதான்.

மிரட்சி எங்கிருந்து வருகிறது

குதிரை, வேட்டையாடப்பட்ட இனம். கொம்பு இல்லை, நகம் இல்லை. தப்பிக்க முதல் வழி ஓட்டம்தான். என்ன ஏது என்று பார்த்துவிட்டு ஓடாது. ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 டிகிரி அளவுக்கு அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். புதியவர்கள் தவறாமல் செய்கிற இரண்டு காரியங்களும் இந்த இடங்களில்தான் நடக்கின்றன. அன்பாக நெற்றியைத் தடவப் போவார்கள். திடீரென்று எங்கிருந்தோ ஒரு கை முளைத்ததுபோல் அது தலையை உதறும். பின்னால் சத்தமில்லாமல் சுற்றி வருவார்கள்; உதை விழும்.

குதிரையின் நம்பிக்கையைப் பாசம் என்றோ நன்றி என்றோ எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும். இந்த ஆள் இதைச் செய்தால் அடுத்து இதுதான் நடக்கும் என்று குதிரைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை என்பது அதுதான். அதற்கு இரண்டு விஷயங்கள் தேவை. நீங்கள் காட்டும் ஒவ்வொரு சைகைக்கும் என்றைக்கும் ஒரே பொருள் இருக்க வேண்டும். குதிரை சரியாகச் செய்த அந்த நொடியே உங்கள் நெருக்குதல் நிற்க வேண்டும். கயிற்றை இழுப்பதால் குதிரை எதையும் கற்றுக்கொள்வதில்லை. கயிறு தளரும்போதுதான் ‘ஓ, இதைத்தான் கேட்டார்கள்’ என்று அதற்குப் புரிகிறது. ஒரு நொடிக்குள் தளர்த்தினால் பாடம் பதியும். மூன்று நொடி கழித்துத் தளர்த்தினால், அந்த மூன்றாவது நொடியில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் பதியும்.

இதை நேரில் பார்க்க ஆசையிருந்தால் கோடியக்கரைக்குப் போகலாம். அங்கே சரணாலயத்தில் மனிதர் கையை விட்டுப்போன மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. நெருங்காமல் தூரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாலே போதும். ஒரு குதிரை இன்னொன்றை நகர்த்த விரும்பினால் முதலில் காதை மடக்கும். நகராவிட்டால் கழுத்தை நீட்டும். அப்புறம்தான் கடிக்கவோ உதைக்கவோ போகும். மற்றது ஓரடி நகர்ந்ததும் இது காதை விட்டுவிட்டு மேயத் தொடங்கிவிடும். சின்னதாகக் கேள், கேட்டது கிடைத்ததும் நிறுத்து: அவற்றின் பேச்சு இவ்வளவுதான்.

பழக்குமுன் வலி இருக்கிறதா பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வலியுள்ள குதிரைக்கு எந்தப் பாடமும் ஏறாது. கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்மையாகி கன்னத்தையும் நாக்கையும் கிழித்திருந்தால், கடிவாளம் பட்டதும் தலையை உயர்த்தும். முதுகில் பழைய சேணப் புண் இருந்தால், சேணத்தைக் கண்டதுமே நகரும். முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகு கீழே அமுங்கி, காது பின்னால் போனால் அங்கே வலி. குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியை முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடையும் கறுப்புக் கசிவும் இருந்தால் அது சேற்றில் நின்று வந்த நோய். டெல்டா மண்ணில் இது சாதாரணம்.

வயிற்றையும் கவனிக்க வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று தீனி போட்டு நடுவில் வெறும் வயிற்றோடு கட்டிவைத்தால் இரைப்பையில் புண் வரும். புண்ணுள்ள குதிரை சிடுசிடுக்கும், வார் இறுக்கும்போது கடிக்க வரும். ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்ந்த நார்த்தீனி வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதன் அளவு நான்கு ஐந்து மடங்கு கூடும். நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறது என்று வைக்கோலை மட்டும் போட்டால் சத்துப் போதாது, குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலியும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்து. வேலையில்லாத குதிரைக்குக் கொள்ளும் தானியமும் கூட்டிக் கொடுக்காதீர்கள். இருக்கிற படபடப்பு இன்னும் ஏறும்.

நாடித் துடிப்பு எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள் ஓரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு இரத்தக்குழாய் விரலுக்கு உருளும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. சும்மா நிற்கும்போதே 60ஐத் தாண்டினால் வலியோ கடும் பயமோ இருக்கிறது. அன்றைக்குப் பாடம் வேண்டாம். பல், முதுகு, கால் மூன்றையும் ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குதிரைக்கும் உங்களுக்கும் டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். குதிரை இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும்.

இன்னொன்று: குதிரை தனியாக இருக்கப் பிறந்ததில்லை. இன்னொரு குதிரைக்கு வசதி இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஆட்டையோ மாட்டையோ கட்டுங்கள். பாதிப் படபடப்பு அதிலேயே அடங்கும்.

தரையில் முதல் வாரங்கள்

இடம்: 50 முதல் 60 அடி குறுக்களவுள்ள வட்டம், மூங்கில் வேலி, கீழே காய்ந்த மண். முள்கம்பி கூடவே கூடாது. கயிறு: பருத்திக் கயிறு, கட்டைவிரல் கனம், 10 முதல் 12 அடி நீளம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலோடு போகும். காலில் மூடிய ஷூ, தலையில் ஹெல்மெட். செருப்போடு குதிரைப் பக்கம் போவது டெல்டா வழக்கம், விட்டுவிட வேண்டிய வழக்கம்.

நேரம்: காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், 15 அல்லது 20 நிமிடம். வெயில் ஏறினால் குதிரைக்கும் பொறுமை இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

முதல் பாடம், அருகே போவது. முகத்தைப் பார்த்துப் போகாமல் தோளைப் பார்த்து, சாய்வாக, தளர்ந்த நடையில் போங்கள். குதிரையின் தலை உயர்ந்தாலோ, உடம்பு இறுகினாலோ, கண் வெள்ளை தெரிந்தாலோ அங்கேயே நில்லுங்கள். அது கொஞ்சம் தளர்ந்ததும், முன்னே போகாமல், இரண்டடி பின்னால் வாருங்கள். புதியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ‘நின்றால் ஆள் விலகுகிறார்’ என்று தெரிந்த குதிரைக்கு ஓட வேண்டிய அவசியம் குறைகிறது. பல குதிரைகள் இப்படி நாலைந்து தடவை ஆனதும் தாமாகவே ஓரடி எடுத்துவைத்து முகரும். முகரட்டும். கையை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்.

தளர்ச்சியின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: தலை தோள் மட்டத்துக்கு இறங்கும், கண் சிமிட்டும், மூக்கால் ஊதும், ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வாக வைக்கும். வாயை அசைபோடுவதும் நாக்கை நீட்டுவதும் பதற்றம் இறங்கத் தொடங்கியதைத்தான் காட்டும். முழுதாக அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம். கொஞ்சமும் அசையாமல், கண் இமைக்காமல், மூச்சுப் பிடித்து நிற்கும் குதிரை அமைதியானது போலத் தோன்றும். அது உறைந்துபோய் நிற்கிறது. அடுத்து வெடிக்கும்.

தொட வேண்டிய முதல் இடம், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தட்டிக்கொடுக்காதீர்கள், அழுத்திச் சொறியுங்கள். அங்கிருந்து கழுத்து, தோள், முதுகு, விலா, கால் என்று போகலாம். இடப்பக்கம் பழகியது வலப்பக்கம் பழகியதாக ஆகாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

பிறகு நடத்துவது. கயிற்றை முன்னே லேசாக நீட்டிப் பிடியுங்கள். இழுக்க வேண்டாம், ஒரே அளவு இறுக்கம் போதும். குதிரை எடையை முன்னே சாய்த்தாலே தளர்த்துங்கள். ஓரடி வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்த ஒரு சொல், ‘ஹோ’ என்று வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். அப்பா ‘ஹோ’, தம்பி ‘நில்லு’, வேலைக்காரர் ‘ட்ரூ’ என்றால் குதிரைக்கு அந்த மூன்றுமே வெறும் சத்தம். நட, நில், பின்னே போ, பின்புறத்தைத் திருப்பு: இந்த நான்கும் தளர்ந்த கயிற்றில் வரும்வரை சேணத்தை நினைக்காதீர்கள்.

கட்டும்போது கண் மட்டத்தில், ஒன்றரை முழத்துக்கு மேல் தொங்காமல் கட்டுங்கள். கயிற்றை நேராகத் தூணில் கட்டாமல் நடுவே ஒரு சணல் வளையம் போடுங்கள். மிரண்டு பின்னால் இழுத்தால் சணல் அறுபடும், கழுத்து தப்பிக்கும்.

யூரியா சாக்கு, தவில், மதகு

ரோட்டில் பறக்கும் வெள்ளைச் சாக்கு ஒன்று போதும், பழகாத குதிரை ஆளைத் தள்ளிவிட்டு ஓட. ஒரு சாக்கைக் கயிற்றில் கட்டி, குதிரையை விட்டு விலகிப் போகும்படி இழுத்துச் செல்லுங்கள். இன்னொருவர் குதிரையைப் பின்னால் நடத்தி வரட்டும். விலகிப் போகும் பொருளைக் கண்டு பயம் குறையும், துரத்தும் ஆசைகூட வரும். பிறகு 6 அடிக் குச்சியில் சாக்கைக் கட்டி, தோளில் ஒரே சீராகத் தடவுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குதிரை எகிறியதும் பாவமே என்று சாக்கை எடுத்துவிடுவார்கள். எகிறினால் சாக்கு போய்விடும் என்று அது கற்றுக்கொள்கிறது. நகர்ந்தாலும் அதே வேகத்தில் தடவிக்கொண்டே இருங்கள், நின்ற நொடியில் எடுங்கள். நிற்கவே முடியாத அளவுக்கு அது பயந்தால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். சாக்கைச் சின்னதாக மடித்து, தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

சத்தத்துக்கு, தவிலையும் பறையையும் கதிர் அறுக்கும் மெஷினையும் போனில் பதிந்துவைத்து, குதிரை புல் தின்னும்போது 30 அடி தள்ளி மெல்ல ஒலிக்க விடுங்கள். தின்பதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள். பதிவில் தரையின் அதிர்வு இருக்காது என்பதால், பின்னர் அறுப்பு நடக்கும் வயலை 200 மீட்டர் தள்ளி நின்று காட்ட வேண்டும்.

தண்ணீர்தான் டெல்டாவில் பெரிய பரீட்சை. மதகை எடுத்துக்கொள்வோம். வாய்க்கால்மேல் சிமென்ட் பலகை, அடியில் இருட்டு, வெளிச்சத்தில் மின்னும் தண்ணீர், ஷட்டர் இடுக்கில் பீறிடும் இரைச்சல். மேலே கால்வைத்தால் குளம்புக்கடியில் பொள்ளென்ற ஓசை. குதிரை பத்தடிக்கு முன்பே நின்று மூக்கை விரிக்கும். நீங்கள் முன்னால் போய் இழுத்தால், அது ஒருவேளை தாவும். தாவி விழும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். மதகுக்கும் குதிரைக்கும் நடுவில், தோளருகே நில்லுங்கள். மிரண்டால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக விலகும். நின்ற இடத்தில் புல் கடிக்கிறதா பாருங்கள். கடித்தால் தூரம் சரி. ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும்வரை, தலை இறங்கும்வரை காத்திருங்கள். திரும்பியதும் மதகை விட்டு ஐந்தடி விலகி நடத்துங்கள். அந்த விலகல்தான் கூலி. மறுபடி வாருங்கள், முன்பைவிட அரையடி கூட. முதல் நாள் மதகுக்கு இரண்டடி முன்னால் அமைதியாக நின்றாலே போதும், வீட்டுக்குத் திரும்புங்கள். பழகிய குதிரை ஒன்று முன்னால் கடந்து போனால் வேலை பாதியாகும்.

காலத்தையும் பயன்படுத்துங்கள். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுகிறார்கள். தண்ணீர் வருமுன், வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மே மாதத்திலேயே இதே மதகுகளில் நடத்திப் பழக்கிவிட்டால், இடம் பழகியிருக்கும். தண்ணீர் மட்டும்தான் புதிது. பலகையில் பாசி இருந்தால் லாடம் கட்டிய குளம்பு வழுக்கும். ஒரு தடவை வழுக்கிய குதிரை அந்த மதகை மறக்காது. தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள்.

சேணமும் ஏறுதலும்

மூன்று வயதுக்குக் குறைந்த குதிரையில் ஏறாதீர்கள். அடுத்து எடை. நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் கிடைக்கும். அளவெல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 145, நீளம் 135 என்றால் சுமார் 239 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது இந்தக் குதிரைக்கு 48 கிலோ. நம் ஊர் மட்டக்குதிரைகள் பல, பெரியவர்களைச் சுமக்கும் அளவுள்ளவை அல்ல. எகிறுவது சுமை தாங்காமல்கூட இருக்கலாம்.

முதலில் மெத்தை விரிப்பு மட்டும். போடு, எடு, போடு, எடு. பிறகு சேணம். வயிற்று வாரை ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று தடவையாக, நடுவில் பத்தடி நடத்தி இறுக்குங்கள்; கடைசியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முள் வைத்த கடிவாளத்தைத் தொடவே வேண்டாம். வேலைக் கால்நடைகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அது தடை.

ஏற ஒரு திண்ணை உயரத்து மேடை வையுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் புரண்டு முதுகெலும்பை அழுத்தும். முதல் நாள் அங்கவடியில் கால்வைத்து எடையைக் கொடுத்து இறங்குங்கள். அடுத்து வயிற்றைச் சேணத்தில் சாய்த்து இறங்குங்கள். அடுத்துத்தான் காலைப் போடுவது, அதுவும் தொப்பென்று விழாமல். தரையில் ஒருவர் கயிற்றோடு நிற்கட்டும். உட்கார்ந்ததும் உடனே நடத்தாதீர்கள். நின்று, மூச்சு விட்டு, சொறிந்து, இறங்கிவிடுங்கள்.

மேலிருந்து முதலில் சொல்லித்தர வேண்டியது, ஒற்றை லகானில் திரும்பி நிற்பது. நின்றபடியே ஒரு பக்க லகானை உங்கள் தொடைப் பக்கம் மெல்லக் கொண்டுவாருங்கள். மூக்கு திரும்பி லகான் தளர்ந்ததும் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் வரட்டும். பிறகு நடையில். மிரண்ட குதிரையின்மேல் உட்கார்ந்தவர் இயல்பாகவே முழங்காலை இறுக்கி, இரண்டு லகானையும் பிடித்து இழுப்பார். ஓட வழியில்லாமல் அடைபட்ட குதிரைக்கு மேலே எழும்புவதுதான் மிச்சம். மூச்சை வெளியே விடுங்கள், ஒரு லகானில் வட்டமாகத் திருப்புங்கள், நடை இறங்கியதும் தளர்த்துங்கள். ஆனால் குறுகிய ஆற்றங்கரையிலோ இருபுறம் வாய்க்கால் உள்ள கப்பி ரோட்டிலோ வேகத்தில் இப்படித் திருப்பினால் குதிரையோடு சரிய வேண்டியதுதான். இது நன்றாக வரும்வரை சவாரி களத்தோடும் திடலோடும் நிற்கட்டும்.

ஒரே நாளில் பல பயங்கள் சேரும் என்பதையும் மனதில் வையுங்கள். காலையில் லாடம் கட்டினார்கள், மதியம் டிராக்டர் உரசிப் போனது, மாலையில் நாய் குரைத்தது. அப்போது ஒரு காகிதம் பறந்தாலும் வெடிக்கும். ‘காகிதத்துக்கா இவ்வளவு?’ என்று அடித்தால், அடி காகிதத்தோடு சேர்ந்து பதியும். நாளின் முந்தைய கணக்கைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் லாயத்திலேயே நிற்க நேரும். அப்போது தீனியில் தானியத்தைக் குறையுங்கள், குளம்பைத் தினமும் சுத்தம் செய்து உலர்ந்த தரையில் நிறுத்துங்கள், கூரைக்கடியிலேயே பத்து நிமிடம் நட, நில், பின்னே போ பாடத்தை விடாமல் செய்யுங்கள். மழை விட்டதும் முதல் நாளே ஏறாமல், இரண்டு மூன்று நாள் தரையில் நடத்திவிட்டு ஏறுங்கள். சம்பா அறுப்பு தொடங்கும் தை மாதத்தில் ரோடெல்லாம் மெஷினும் நெல் லாரியும். எல்கைப் பந்தயக் கூட்டமும் அப்போதுதான். முதல் வருடக் குதிரையை வேடிக்கைக்குக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அன்றைக்குப் புல்லைக் கூடுதலாகப் போட்டு, துணை ஆட்டைப் பக்கத்தில் கட்டி, வீட்டு ஆள் ஒருவர் லாயத்தில் இருந்தால் போதும்.